பேவர் கல் முற்றத்தில் டிரம் தோட்டம்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குதல்

மதுரைப் பக்கம் பள்ளிக்கூட முற்றமோ, அடுக்ககத்து வாசலோ, பெரும்பாலும் பேவர் கல் பதித்தோ சிமெண்ட் போட்டோதான் இருக்கிறது. பிள்ளைகளோடு காய்கறி வளர்க்க வேண்டுமென்றால் பெரிய டிரம்மைத் தவிர வேறு வழி இல்லை. வயலில் பார்த்துப் பழகிய வைத்தியத்தை அப்படியே டிரம்முக்குச் செய்தால் பாதி நேரம் செடி செத்துப்போகும். வயல் மண் வெப்பத்தையும் ஈரத்தையும் ஆழத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். டிரம்மில் ஆழம் ஒரு முழம்தான், கீழே அனல் கக்குகிற தரை. அதனால் இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பங்கு பூச்சியால் வருவதில்லை. தண்ணீராலும் வெக்கையாலும் வருகிறது. எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் விரலால் மண் ஈரம், அடுத்தது டிரம்மின் அடி ஓட்டை, கடைசியில்தான் மருந்து. இந்த வரிசையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே இரண்டாக அறுத்த அரை டிரம்முக்கு. அகலம் சுமார் 58 செ.மீ., ஆழம் சுமார் 44 செ.மீ., மண் ஏறக்குறைய 100 லிட்டர் பிடிக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றபடி நடுவரை கை நீட்டலாம். முழு டிரம் என்றால் எட்டாது. பழைய டிரம் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டே வாங்குங்கள். எண்ணெய், பழக்கூழ், குளுக்கோஸ் மாதிரி தின்னும் பொருள் வந்த டிரம் மட்டும் போதும். ரசாயன வாடை அடிப்பதை எத்தனை முறை கழுவினாலும் கீரைக்கு ஆகாது. அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்கச் செருகிவிடுங்கள்.

கலவைக்கு 10 லிட்டர் வாளிக் கணக்கு: செம்மண் 4 வாளி, நன்றாக மக்கிய மாட்டெரு 3 வாளி, கழுவிய தென்னை நார்க்கழிவு 3 வாளி, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ. கலந்து நனைத்துப் பதினைந்து நாள் ஆறப்போட்டு அப்புறம் விதைக்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் வயலுக்கு அருமையான மண்தான், டிரம்முக்கு வேண்டாம். நனைந்தால் ஊதி அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கி டிரம் சுவரை விட்டு விலகிவிடும். கண்மாய் வண்டல் கிடைத்தால் செம்மண்ணில் ஒரு வாளியைக் குறைத்து அதற்குப் பதில் போடலாம், அதற்கு மேல் கூடாது.

"விதை போட்டுப் பத்து நாளாச்சு, ஒண்ணுமே வரல"

முள்ளங்கியும் கீரையும் நாலைந்து நாளில் முளைக்கும். வெண்டை 5 முதல் 7, தக்காளி 6 முதல் 8, கத்தரி 7 முதல் 10, மிளகாய் 8 முதல் 12 நாள். பாகல் தோல் தடித்தது. இரவு முழுக்க ஊறப்போடாவிட்டால் பத்து நாளும் தாண்டும். இந்தக் கணக்கு தாண்டியபின் ஒரு ஓரத்தில் மெல்லக் கிளறிப் பாருங்கள்.

விதையே இல்லை என்றால் எறும்பு. கீரை விதையை ஒரே இரவில் வரிசையாகத் தூக்கிப்போய்விடும். மறுபடி விதைக்கும்போது விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்தி, டிரம்முக்கு வெளியே இரண்டடி தள்ளி ஒரு கைப்பிடி அரிசி நொய்யைப் போட்டுவிடுங்கள். முளைக்கிற வரைக்கும் எறும்பின் கவனம் அங்கே இருக்கும்.

விதை ஊதி அழுகியிருந்தால் தண்ணீர் கூடுதல். நல்லபடியாக இருந்தும் மேலே வரவில்லை என்றால் ஆழம் கூடுதல். பிள்ளைகள் விதையை விரலால் குத்தி இறக்குவார்கள், அது முழு விரலும் போய்விடும். ஒரு பென்சில் துண்டில் 2 செ.மீ. உயரத்தில் சிவப்பு நூல் சுற்றிக் கொடுங்கள். வெண்டை, கொத்தவரை, பாகல் எல்லாவற்றுக்கும் அந்த நூல் மட்டம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைக்கு அரை செ.மீ.தான். கீரைக்குக் குழியே வேண்டாம்.

இன்னொரு காரணம், யாரோ ஒரு பிள்ளை தினமும் தோண்டிப் பார்த்துவிட்டு மூடியிருக்கும். அதைத் திட்ட வேண்டாம். பார்க்க ஆசைப்படுவதுதான் இந்த வேலையின் உயிர். ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விதையைச் செருகி ஜன்னலோரம் வையுங்கள். தோண்டுகிற கை அங்கே போய்விடும்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதைகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சாண மருந்து. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. சாயம் பூசாத விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

"முளைச்சது, படுத்துருச்சு"

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும், சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் இரவு முழுக்க மேலேயே நின்றதும் காரணம். கால் தேக்கரண்டி கீரை விதையிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அரை டிரம்முக்கு அதுவே அதிகம். விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, மற்ற இடத்தில் மேல் மண் காயும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். அப்புறம் காலையில் மட்டும்.

தண்டு இளைக்காமல் வேரோடு பெயர்ந்து கிடந்தால் அது நோய் இல்லை, குவளையால் ஊற்றிய வேகம். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியைச் சூடாக்கிப் பத்துத் துளை போட்டால் பூவாளி தயார். துளை போடுவது பெரியவர் வேலை.

"மத்தியானம் வாடி நிக்குது"

அதிகம் செடியைக் கொல்வது இந்த அறிகுறி இல்லை. இதைப் பார்த்து நாம் செய்யும் வேலை. வாடினால் தண்ணீர் ஊற்று என்பது எல்லோருக்கும் கையில் ஊறியது. வாடுவதற்கு ஐந்து காரணம் உண்டு. அதில் இரண்டுக்குத்தான் தண்ணீர் மருந்து.

ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணில் இறக்குங்கள், சுமார் 5 செ.மீ. போகும். பிறகு ஒரு ஈர்க்குச்சியையோ காய்ந்த மூங்கில் குச்சியையோ 30 செ.மீ. வரை குத்தி ஒரு நிமிடம் விட்டு இழுங்கள். குச்சியில் எந்த மட்டம் வரை ஈரம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். டிரம்மின் மேற்குப் பக்கச் சுவரைத் தொடுங்கள். மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை, இரண்டாம் வகுப்புப் பிள்ளையே செய்யும்.

விரலும் குச்சியும் ஈரம் காட்டுகின்றன, செடி சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடுகிறது என்றால், அது தாகம் இல்லை, வெக்கை. இலை ஆவியாக விடும் வேகத்துக்கு வேர் இழுத்துக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கத்தரி, பாகல், பூசணி மாதிரி அகல இலைச் செடிகள் தண்ணீரைக் காப்பாற்ற இப்படித் தொங்கிக் கொடுக்கும். அந்த நேரம் ஊற்றினால் ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் காற்றும் இல்லாமல் போய் வேர் அழுகும். செய்ய வேண்டியது நிழல். மாசி பிறந்ததும் மேற்குப் பக்கம் 50 சதவீதப் பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். தலைக்கு மேல் கட்டுவதைவிட மேற்கு வெயிலை மறிப்பதுதான் முக்கியம். டிரம் சுவர் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் உள்ளே அந்தப் பக்கத்து வேர் வெந்துகொண்டிருக்கிறது. நீல டிரம்முக்கு வெளியே வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கை, இல்லையென்றால் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். டிரம்களைத் தனித்தனியாக நிறுத்தாமல் ஒட்டி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். மேற்கு ஓரத்தில் வெறும் டிரம்மையோ செங்கல் வரிசையையோ நிறுத்தலாம். மண்மேல் தேங்காய் மட்டையைக் குப்புற அடுக்கினால், இல்லை காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால், மேல் மண் சூடும் வெகுவாகக் குறையும்.

விரல் ஈரம், குச்சி கீழே காய்ந்து வருகிறது என்றால் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. பள்ளிக்கூடத் தோட்டத்தில் இதுதான் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நாற்பது பிள்ளைகள் நாற்பது தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். மேலே இரண்டு விரல் ஈரம், கீழே தூசி. நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை அடியோடு காய்ந்துவிட்டால் தண்ணீரை ஒட்டவிடாது. ஊற்றியது சுவரோரமாக வழிந்து அடி ஓட்டையில் ஓடிவிடும். கீழே தண்ணீர் வருகிறதே, நனைந்துவிட்டது என்று நினைப்போம். நனைந்திருக்காது. சுவரோரம் விலகிய இடுக்கை முதலில் மண்ணைத் தள்ளி மூடுங்கள். பிறகு 3 லிட்டர் மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு 3 லிட்டர், மறுபடி பத்து நிமிடம், மறுபடி 3 லிட்டர். குச்சியை மறுபடி குத்திப் பாருங்கள்.

இரண்டும் காய்ந்திருந்தால் அது வெறும் தாகம். வளர்ந்த இரண்டு தக்காளியோ கத்தரியோ நிற்கும் அரை டிரம்முக்குச் சித்திரை, வைகாசியில் நாளுக்கு 6 முதல் 8 லிட்டர் வேண்டும். ஆடி, ஆவணியில் 4 முதல் 5. ஐப்பசி மழையில் மூன்று நாள் இடைவெளி விழுந்தால் மட்டும் 3 லிட்டர். காலை ஒன்பது மணிக்குள் பாதி, சாயங்காலம் மீதி. நடுப்பகலில் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். அதைத் தரையில் விட்டுத் தண்ணீர் குளிர்ந்தபின் செடிக்குக் காட்டுங்கள்.

காலையிலேயே வாடியிருக்கிறது, மண் சொதசொதவென்று நாறுகிறது என்றால் அடி ஓட்டை அடைத்துவிட்டது. டிரம்மை இரண்டு பேர் சாய்த்து, கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறங்கள். முதலில் போட்டிருக்க வேண்டியது அடியில் 12 மி.மீ. துளை எட்டு, பக்கச் சுவரில் டிரம்மின் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் நாலு. பக்கத் துளைதான் அடைபடாமல் காப்பாற்றும். துளைமேல் கொசுவலைத் துண்டு போதும். அடியில் ஜல்லி கொட்டுவது பலரும் செய்வது. அதனால் வடிகால் ஒன்றும் மேம்படாது. மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காமல் ஜல்லிக்கு மேலேயே தேங்கும், வேர் நிற்கும் ஆழமும் ஒரு சாண் குறைந்துபோகும். டிரம்மின் மேல்பாதியைக் கவிழ்த்து வைத்திருந்தால் அதில் மரையுள்ள மூடி இரண்டு இருக்கும். அவற்றைக் கழற்றி வலைத் துண்டை வைத்தாலே நல்ல வடிகால்.

ஒரே ஒரு செடி மட்டும் காலை, மாலை எப்போதும் வாடி நின்றால் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மிளகு மிளகாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த டிரம்மில் அடுத்த ஒரு வருடம் தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம். செண்டுமல்லி போட்டு, அது முடிந்ததும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஆறப்போடுங்கள். முடிச்சு இல்லாமல் தண்டின் உள்பகுதி பழுப்பாக இருந்தால் வாடல் நோய். செடியை எரித்துவிடுங்கள். அந்த மண்ணை வேறு டிரம்மில் கலக்காதீர்கள்.

"வெள்ளிக்கிழமை நல்லா இருந்துச்சு, திங்கக்கிழமை செத்துருச்சு"

இரண்டு நாள் லீவைத் தாங்க, டிரம் நடுவில் 3 லிட்டர் பிடிக்கும் மண்பானையைக் கழுத்து வரை புதையுங்கள். மானாமதுரைப் பானை நல்ல வேலைப்பாடு. ஆனால் பெயிண்ட், பாலிஷ் எதுவும் பூசாததாக இருக்க வேண்டும். புதைக்கும் முன் தண்ணீர் நிரப்பி வையுங்கள், சில மணி நேரத்தில் வெளிப்புறம் வேர்த்தால்தான் அது கசியும் பானை. மண் காயக்காய ஈரம் வெளியே இழுக்கப்படும், மண் நனைந்திருந்தால் நின்றுவிடும். வாயைத் தட்டுப் போட்டு மூடிக் கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் கொசு. கோடையில் இந்த 3 லிட்டர் ஒரு நாளைக்குக்கூட முழுதாகக் காணாது. வெள்ளி சாயங்காலம் டிரம்மை நன்றாக நனைத்து, பானையும் நிரப்பி, மண்மேல் மூடாக்கும் (காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ) போட்டால் இரண்டு நாள் ஓடும்.

பள்ளி விடும் நேரம் பிள்ளைகள் மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவது நல்ல பழக்கம். ஆனால் எல்லா பாட்டிலும் கேட்டுக்குப் பக்கத்து டிரம்மில் கவிழும். அது அழுகும், கடைசி டிரம் காயும். கேட் அருகே ஒரு மூடி போட்ட பெரிய வாளி வைத்து அதில் ஊற்றச் சொல்லுங்கள். அங்கிருந்து எல்லா டிரம்முக்கும் குவளைக் கணக்கில் பிரித்துக் கொடுக்கலாம். பங்கு போடும் கணக்கைப் பிள்ளைகளே போடுவார்கள்.

"இலை மஞ்சளாகுது"

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடி இலையிலிருந்து ஒரே சீராக மஞ்சளாகி மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு. தினம் ஊற்றும் தண்ணீர் சத்தைக் கழுவிக்கொண்டே போவதால் நட்ட முப்பது நாளில் இது வரும். செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டுக் கிளறுங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவதும் வேலை செய்யும். ஆனால் நாற்றமும் ஈயும் வகுப்பறை வரை வரும். சாணக் கரைசலைப் பச்சையாகக் கீரைக்கு ஊற்ற வேண்டாம். பிள்ளைகள் பறித்ததும் வாயில் போடுகிறவர்கள், கிருமி அப்படியே போகும்.

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், செடியால்தான் எடுக்க முடியாது. சுண்ணாம்புத் தன்மை கூடிய போர் தண்ணீரும், புதுச் சிமெண்ட் தொட்டியிலிருந்து இறங்கும் சுண்ணாம்பும் காரணம். பெரியவர் ஒருவர், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துச் சாயங்காலம் இலைமேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். புதுச் சிமெண்ட் தொட்டி என்றால் மண் போடும் முன் நீர் நிரப்பி, நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றி, மூன்று முறை கொட்டுங்கள்.

இலை ஓரம் மட்டும் கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் உப்பு. இதில் எல்லோரும் கவனிக்காத ஒன்று, ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீர். வீணாகிறதே என்று குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் பிரிந்து அந்தக் கழிவு நீரில்தான் சேர்ந்து வருகிறது. அதைக் கழிப்பறை கழுவக் கொடுங்கள், செடிக்கு வேண்டாம். கழுவாத நார்க்கழிவும் உப்பைக் கொண்டுவரும். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் வரும், மூன்று தண்ணீர் பிழிந்து கொட்டியபின்தான் கலக்க வேண்டும். உப்பேறிய டிரம்முக்கு வைத்தியம்: மேலே பொருக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீர் 60 முதல் 80 லிட்டர் மூன்று தவணையாக ஊற்றி அடியில் வடிய விடுவது. ஐப்பசி அடைமழை இதை இலவசமாகச் செய்துவிடும். அந்த மாதம் டிரம்மை மூடி வைக்காதீர்கள்.

வெண்டையில் நரம்பு மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது சத்துக் குறைவு இல்லை, நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. அன்றைக்கே பிடுங்குங்கள், பிள்ளைகள் அழுதாலும்.

"பூ பூக்குது, காய் நிக்கல"

தக்காளிப் பூ காம்போடு உதிர்கிறதா? மாதத்தைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காத நாளில் மகரந்தம் செயலிழந்துவிடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் தக்காளி காய்க்க வைப்பது வீண் பாடு. புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசி கடைசியில் நட்டால் தை, மாசியில் காய் வரும். கோடைக்குக் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை.

மற்ற மாதத்தில் தக்காளி உதிர்ந்தால் காலை பத்து மணி சுமாருக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டச் சொல்லுங்கள். கத்தரியில் பூ நடுவில் நிற்கும் சூல்தண்டு குட்டையான பூக்கள் எப்படியும் உதிரும். அதற்குக் கவலை வேண்டாம். செடி காடாக வளர்ந்து பூவே இல்லை என்றால் உரம் அதிகம், ஒரு மாதம் நிறுத்துங்கள்.

கொடிக் காய்களில் முதல் வாரம், பத்து நாள் ஆண் பூ மட்டும்தான் வரும். பெண் பூவின் கீழே குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு; இதைப் பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். குட்டிக் காய் மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. சுற்றிலும் கட்டடமும் தரையும் இருந்தால் தேனீ வரத்து குறைவு, கையால்தான் சேர்க்க வேண்டும். இங்கேதான் பள்ளி நேரம் இடிக்கும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும், புடலை இருட்டிய பின். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாகல், வெள்ளரி, பூசணி காலையில் மலர்ந்திருக்கும். ஆகவே பள்ளிக்குப் பாகல், அடுக்ககத்து வாசலுக்குப் பீர்க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெல்ல மூன்று தடவை தொட்டால் போதும். நாலாம் நாள் காய் நீள ஆரம்பித்துவிடும்.

காயில் தெரியும் கோளாறுகள்

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அமுங்கினால் நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காய்ந்து, ஒரு நாள் வெள்ளமாக ஊற்றியதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓட்டுத் தூள் போடலாம், அது மக்க மாதக்கணக்காகும். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து நன்றாக வரும். வெடிப்பும் அதே கதைதான்.

வெண்டை முற்றி நாராகிறது என்றால் பறிக்கத் தவறியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரல் நீளம் இருப்பதெல்லாம் பறித்துவிடுங்கள், திங்களன்று அது விறகு. முள்ளங்கி இலையாகவே போனால் நெருக்கம்; செடிக்குச் செடி நாலு விரல் இடைவெளி விட்டு நடுவில் உள்ளதைப் பிடுங்கி, பிடுங்கியதைப் பொரியலுக்குக் கொடுங்கள். கிழங்கு கால் கால் ஆகப் பிரிந்தால் மண்ணில் கல்லும் மக்காத எருக் கட்டியும். வெள்ளரி கசந்தால் தாகம்.

கத்தரியில் குருத்து மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே நறுக்கி, பிளந்து பிள்ளைகளுக்குப் புழுவைக் காட்டி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குப்பையில் எறிந்தால் அது பூச்சியாகித் திரும்பி வரும். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே.

"வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டுது"

மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, வேறு செடிக்கும் தூக்கிப் போகும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் துடைத்தால் வாரத்தில் திரும்பிவிடும். டிரம்மை வைத்திருக்கும் செங்கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் கோடு போடுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை. கொழுந்தில் மொய்க்கும் அசுவினிப் பூச்சிக்கு வேகத் தண்ணீர் மட்டுமே பலநேரம் போதும்.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு 2 மில்லி காதி சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை மூன்று வாரம், இலையின் அடிப்பக்கம் படும்படி. இதையும் பிள்ளைகள் போனபிறகு பெரியவர்தான் தெளிக்க வேண்டும். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் வயலில் நல்ல பலன் தரும். பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் தெளித்தால் கண்ணெரிச்சல்தான் மிச்சம். கடை ரசாயன மருந்து இந்தத் தோட்டத்துக்குள் வரவே வேண்டாம். அதை அடித்துத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலைக்கு வந்த செடியைப் பிடுங்கிவிட்டு வேறு விதை போடுவதே சரி.

மயில், அணில், எலி, குரங்கு

மதுரையின் ஊர்ப்புறங்களில் மயில் காலையிலேயே வந்து நாற்றைக் கொத்தி, மண்ணைச் சீய்த்துவிடும். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, துன்புறுத்தவோ பொறி வைக்கவோ கூடாது. டிரம்மின்மேல் இரண்டு பி.வி.சி. குழாயை வில்லாக வளைத்து வலை போர்த்தினால் நாற்று தப்பும். அணிலுக்குத் தக்காளி நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து வகுப்பறையில் பழுக்க வையுங்கள். எலி வருகிறது என்றால் மீன் கரைசலோ, சாப்பாட்டு மிச்சமோ டிரம்மில் கொட்டப்படுகிறது. அழகர்கோவில் பக்கம் குரங்கு வரும் ஊர்களில் காய் வேண்டாம். கீரை, மிளகாய் என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

தரையில் தெரியும் கோளாறுகள்

பேவர் கல் அமுங்கினால் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது. நனைந்த அரை டிரம் நூறு கிலோவைத் தாண்டும். இரண்டடிக் கடப்பாக் கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் மூன்று செங்கல், அதன்மேல் டிரம். செங்கல் இடைவெளியால் ஓட்டை அடைபடாது, காற்று ஓடும், குனிந்து பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். தேளும் பூரானும் குளிர்ச்சி தேடி வரும் இடம் அது. பிள்ளைகள் கை விடும் முன் பெரியவர் ஒரு குச்சியால் துழாவிப் பார்க்க வேண்டும்.

அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். வாளி, பூவாளி எல்லாவற்றையும் வாரம் இருமுறை கவிழ்ப்பது ஒரு அணியின் வேலையாக இருக்கட்டும். வடியும் தண்ணீர் கலங்கலாக வந்து தரையில் செம்மண் கறை படிந்தால் வலைத் துண்டு நகர்ந்துவிட்டது.

லீவு முடிந்து வந்தால்

கோடை விடுமுறைக்கு முன் செடியைக் காப்பாற்ற ஆள் போடுவதைவிட டிரம்மைக் காலி செய்துவிடலாம். ஏப்ரல் கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி, மண்ணை நனைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டிவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயில் உள்ளே புழுவையும் பூஞ்சாணத்தையும் களை விதையையும் வேகவைக்கும்.

ஜூனில் திறந்தால் மண் எட்டு, பத்து செ.மீ. இறங்கியிருக்கும். மக்கிய எரு 2 வாளியும், வேப்பம் புண்ணாக்கு கால் கிலோவும் போட்டு, ஒரு முழ ஆழத்துக்குக் கிளறி, தேவையானால் செம்மண் அரை வாளி சேர்த்து மட்டமாக்குங்கள். மண் தூசியாக இருந்தால் மேலே சொன்ன மூன்று தவணைத் தண்ணீர். முதல் பயிராகச் சிறுகீரை. இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். கீரை முடிந்ததும் ஆடிப் பட்டத்து வெண்டைக்கு அந்த டிரம் தயார், டிரம்முக்கு நாலு செடி.